வருஷத்தைச் சொல்லுங்கள்!

கடலூருக்குப் பக்கத்தில், கெடிலம் ஆற்றங்கரையில் இருக்கிறது திருவந்திபுரம். தேவநாத சுவாமி கோயில் இருக்கிற ஊர். ஆவணியிலோ தையிலோ ஒரு நல்ல முகூர்த்த நாளாகப் பார்த்துப் போனீர்களென்றால் மலையடிவாரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. ஒரே காலையில் நூறு கல்யாணங்களுக்கு மேல் நடந்த நாட்கள் உண்டு. எந்த நாயனம் எந்தத் தாலிக்கு வாசிக்கிறது என்று சொந்தக்காரர்களே ஒரு நிமிஷம் குழம்பிப் போவார்கள். ஆனால், காகிதத்தில் குழப்பம் வராது. கோயிலில் பணம் கட்டிய ரசீது, வயசுச் சான்று, அப்புறம் சார்பதிவாளர் ஆபீசில் பதிவு என்று ஜோடிக்கு ஜோடி தனித்தனியாக இருக்கும்.

சரி. அதில் ஒரு கல்யாணம் பத்து வருஷம் கழித்து முறிந்துபோகிறது என்று வையுங்கள். முடிந்துவிட்டது என்பதற்கான காகிதம் எங்கே இருக்கும்?

'கல்யாணத்தைப் பதிவு பண்ணின அதே சார்பதிவாளர் ஆபீசில்தான்' என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். இல்லைங்க. அங்கே விவாகரத்துச் சான்றிதழ் என்று ஒன்றைத் தருவதே இல்லை. 1886-ல் வெள்ளைக்காரர்கள் இங்கே ஒரு பதிவுச் சட்டம் போட்டார்கள். பிறப்பு, இறப்பு, கல்யாணம் ஆகிய மூன்றும் அந்தச் சட்டத்தின் பெயரிலேயே இருக்கின்றன. நாலாவதாக விவாகரத்தைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. தமிழ்நாட்டில் எல்லா மதத்தினரும் கல்யாணத்தைக் கட்டாயம் பதிய வேண்டும் என்று 2009-ல் சட்டம் வந்தது. அதுவும் கல்யாணத்துக்குத்தான்.

நம்மூரில் விவாகரத்தின் காகிதம் இருக்கும் இடம் கோர்ட்தான். எந்தக் கோர்ட், என்ன பெயரில், எத்தனை கட்டுகளில் என்பதெல்லாம் ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்தது. வருஷத்தைச் சொல்லுங்கள், காகிதம் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடலாம். அதற்குக் கொஞ்சம் சரித்திரம் தெரிய வேண்டும்.

காகிதமே இல்லாத காலத்திலிருந்து ஆரம்பிப்போம்.

'தமிழ்நாட்டில் விவாகரத்து என்பதே மேல்நாட்டு இறக்குமதி' என்று மேடையில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தமிழ் அகராதியைப் பிரித்துப் பார்த்தால் நல்லது. 'துரும்பு கொடுத்தல்' என்று ஒரு வழக்கு அதில் இருக்கிறது. ஊரும் உறவும் கூடியிருக்க, புருஷன் ஒரு துரும்பை எடுத்துப் பெண்டாட்டி கையில் கொடுப்பான். அவள் வாங்கிக்கொண்டால் கல்யாணம் முடிந்தது. மதுரைச் சீமையில் இருந்த இந்தப் பழக்கத்தை எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலிலும் பார்க்கலாம். 'தீர்த்துவிடுதல்', 'அறுத்துக்கட்டுதல்' என்ற சொற்களும் இந்த வகையில் வந்தவைதான். கழுத்திலிருந்த தாலியை அறுத்துவிட்டு வேறொருவர் கையால் கட்டிக்கொள்வதற்குப் பெயர் அறுத்துக்கட்டுதல்.

இன்னும் பின்னால் போனால் அர்த்தசாஸ்திரம் இருக்கிறது. புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்காமல் போனால் பிரிந்துகொள்ளலாம் என்கிறார் கௌடில்யர். ஆனால், உயர்ந்த முறை என்று கருதப்பட்ட முதல் நாலு வகைக் கல்யாணங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது என்று ஒரு பூட்டும் போட்டுவிட்டார்.

அந்தப் பூட்டு பின்னாளில் தமிழ்நாட்டில் நிறைய வேலை செய்தது. விவாகரத்தும் மறுமணமும் உழைக்கும் சாதிகளில் சர்வ சாதாரணம். மேல்சாதிகளில் கிடையாது. 'நாங்க அறுத்துக்கட்டாத சாதி' என்பது ஒரு பெருமைப் பேச்சாகவே ஆகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பல சமூகங்கள் அந்தஸ்தில் ஒரு படி ஏற ஆசைப்பட்டபோது முதலில் கைவிட்டது எதைத் தெரியுமா? பெண்களுக்கு இருந்த இந்த வாசலைத்தான்.

துரும்பு முறையில் ரெக்கார்டு எதுவும் கிடையாது. ஊர்ப் பெரியவர்களின் ஞாபகம்தான் ரெக்கார்டு. பெரியவர்கள் போய்ச் சேர்ந்தால் அதுவும் அவர்களோடு போச்சு.

இனி கடலூர்க் கோட்டைக்கு வருவோம்.

1690-ல் மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை இங்கிலீஷ்காரர்கள் வாங்கினார்கள். பீரங்கியை வெடித்து, குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் உள்ள கிராமங்களெல்லாம் எங்களுக்கு என்பது ஒப்பந்தம். அந்தக் கிராமங்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது. வாங்கியபோது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். சென்னைக் கோட்டையில் இருக்கிற செயின்ட் மேரீஸ் சர்ச்சின் கல்யாண ரிஜிஸ்டரில் முதல் பதிவு இவருடைய கல்யாணம்தான், 1680-ல். 1689-ல் அவர் மனைவி பிள்ளைகளோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிப் போய்விட்டார். யேல் இன்னும் பத்து வருஷம் இங்கேயே இருந்தார். இந்தப் பிரிவை எழுதிவைக்க எந்த ரிஜிஸ்டரும் இல்லை.

அன்றைக்கு இங்கிலாந்திலேயே விவாகரத்து என்றால் சாமான்ய காரியம் இல்லை. மறுமணம் செய்கிற உரிமையோடு பிரிய வேண்டுமென்றால் பார்லிமென்ட்டில் தனியாக ஒரு சட்டம் நிறைவேற்ற வேண்டும். ஒரு ஜோடிக்கு ஒரு சட்டம்! 1857 வரை இதுதான் நிலைமை. 1700-லிருந்து கணக்கெடுத்தால் முன்னூற்றுச் சொச்சம் பேருக்குத்தான் அந்த வசதி கிடைத்தது. 1858-ல் அங்கே தனி விவாகரத்துக் கோர்ட்டே வந்துவிட்டது.

இங்கே 1869-ல் இந்திய விவாகரத்துச் சட்டம் வந்தது. ஆனால், கணவனோ மனைவியோ கிறிஸ்தவராக இருந்தால்தான் அது செல்லும். கடலூர் அப்போது தென்னார்க்காடு ஜில்லாவின் தலைநகரம். ஜில்லா கோர்ட்டில் மனுப்போடலாம். ஆனால், ஜில்லா ஜட்ஜ் கொடுத்த விவாகரத்துத் தீர்ப்பு அதோடு முடியாது. ஹைகோர்ட்டில் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து அதை உறுதி செய்தால்தான் செல்லும். 2001-ல் சட்டத்தைத் திருத்துகிற வரைக்கும் இதுதான் நடைமுறை.

இதில் நமக்கு ஒரு துப்பு கிடைக்கிறது. 2001-க்கு முந்தைய கிறிஸ்தவ விவாகரத்துக் காகிதத்தைத் தேடுகிறீர்களா? கடலூரில் கிடைக்கவில்லையென்றால் மனம் தளர வேண்டாம். சென்னை ஹைகோர்ட்டிலும் அதற்கு ஒரு தடயம் இருக்க வேண்டும். கீழ்க்கோர்ட் தீர்ப்பு மட்டும் கையில் இருந்து உறுதி செய்த உத்தரவு இல்லையென்றால், அந்த விவாகரத்து பாதியிலேயே நிற்கிறது என்று அர்த்தம். சர்ச் கொடுத்த ரத்து உத்தரவை வைத்துக்கொண்டு, 'எங்களுக்கு ஆகிவிட்டது' என்று நம்பியவர்களும் உண்டு. அது சர்ச்சுக்குள் செல்லும். சட்டத்தின் முன் செல்லாது என்று 1996-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

கடலூரிலிருந்து வடக்கே தென்பெண்ணை ஆற்றைத் தாண்டினால் பாகூர். அது புதுச்சேரி. அங்கே வேறு உலகம். பிரெஞ்சுக்காரர்களின் சிவில் பதிவேட்டில் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் முனிசிபாலிட்டியில் எழுதப்படும். கல்யாணம் எழுதிய பக்கத்தின் ஓரத்தில் கொஞ்சம் வெற்றிடம் விட்டிருப்பார்கள். அந்தக் கல்யாணம் கோர்ட்டில் முறிந்தால் அதே ஓரத்தில் அதைக் குறித்துவிடுவார்கள். ஒரு பக்கத்தைப் புரட்டினால் ஆரம்பமும் முடிவும் சேர்ந்தே தெரியும். 1881-ல் வந்த ஒரு பிரெஞ்சு ஆணைப்படி, சாதி-மதச் சட்டத்தைக் கைவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வந்த இந்தியர்கள் உண்டு. அவர்களை 'ரெனோன்சான்' என்பார்கள். 1963-ல் இந்து திருமணச் சட்டத்தைப் புதுச்சேரிக்கு விரித்தபோதுகூட இவர்களுக்கு அது பொருந்தாது என்று விட்டுவிட்டார்கள்.

ஆற்றுக்குத் தெற்கே நமக்கு அந்த ஓரக் குறிப்பு இல்லை. சிதம்பரத்தில் கல்யாணத்தைப் பதிவு செய்த புத்தகம் ஒரு ஆபீசில் இருக்கும். அது முறிந்த தீர்ப்பு இன்னொரு ஆபீசில் இருக்கும்.

இந்துக்களின் கதைக்கு வருவோம். 1929-ல் செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு நடந்தது. கல்யாணத்தை ரத்து செய்யும் உரிமை ஆண், பெண் இருவருக்கும் வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அப்போது அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் நிறைய. இருபது வருஷம்தான். 1949-ல் சென்னை மாகாணத்தில் இருதார மணத் தடை மற்றும் விவாகரத்துச் சட்டம் வந்தேவிட்டது. அந்த வருஷத்தின் 6-வது சட்டம். இந்தியா முழுக்க இந்துக்களுக்கு விவாகரத்து வருவதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே நம் மாகாணம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது.

1955 மே 18 முதல் இந்து திருமணச் சட்டம். மாகாணச் சட்டத்தை அது ரத்து செய்தது. ஆக, தாத்தா பெட்டியில் கிடைக்கிற பழைய தீர்ப்பில் '1949-ன் 6-வது சட்டம்' என்று இருந்தால் சந்தேகப்படாதீர்கள். அந்த ஆறு வருஷத்துக்குள் போட்ட மனு அது.

1955 சட்டத்தில் ஒரு சங்கதி இருக்கிறது. கொடுமைப்படுத்தினான், விட்டுவிட்டு ஓடிப்போனான் என்ற காரணங்களுக்கு அன்றைக்கு நேரடியாக விவாகரத்து கிடையாது. முதலில் 'நீதிமன்றப் பிரிவினை' வாங்க வேண்டும். அதற்கப்புறம் இரண்டு வருஷம் சேராமல் இருந்தால் மறுபடி மனுப்போட்டு விவாகரத்து. 1976-ல்தான் கொடுமையும் கைவிடுதலும் நேரடிக் காரணங்கள் ஆயின. பரஸ்பரச் சம்மதத்தோடு பிரியும் 13பி பிரிவும் அதே 1976-ல் வந்ததுதான். அதனால் 1976-க்கு முந்தைய வழக்கென்றால் ஒரு கேஸ் கட்டு இல்லை, பெரும்பாலும் இரண்டு கட்டு தேட வேண்டியிருக்கும். முதல் தீர்ப்பை மட்டும் கண்டுபிடித்துவிட்டு, 'கிடைச்சிருச்சு' என்று திரும்பி வந்தால் அது விவாகரத்தே இல்லை. வெறும் பிரிவினை.

பரங்கிப்பேட்டை மாதிரி ஊர்களில் இஸ்லாமியக் குடும்பங்களுக்கு ஜமாஅத் புத்தகமும் காஜியின் சீட்டும் இருந்தன. பெண்கள் கோர்ட்டுக்குப் போய் விவாகரத்து கேட்கும் உரிமையை 1939 சட்டம் வரையறுத்தது. காஜி கொடுக்கும் தலாக் சான்றிதழ் ஒரு கருத்து மட்டுமே என்று 2017-ல் சென்னை ஹைகோர்ட் சொன்னது. பெண் கேட்கும் 'குலா' விஷயத்தில் தனியார் அமைப்பின் சான்றிதழ் செல்லாது, குடும்ப நல நீதிமன்றம்தான் போக வேண்டும் என்று 2023-ல் சொன்னது. இங்கும் கடைசியில் வந்து நிற்கிற இடம் கோர்ட் வாசல்தான்.

சரி, கோர்ட் வாசலுக்கு வந்துவிட்டோம். எந்த வாசல்?

மனுவை எங்கே போட்டிருக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. கல்யாணம் நடந்த ஊர், எதிர்மனுதாரர் வசிக்கிற ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர். 2003-லிருந்து மனைவி மனுதாரர் என்றால் அவர் வசிக்கிற ஊரும் சேர்த்தி. திருவந்திபுரத்தில் தாலி கட்டி, சிதம்பரத்தில் குடித்தனம் நடத்தி, பெண் விருத்தாசலத்தில் அம்மா வீட்டுக்குத் திரும்பியிருந்தால் மூன்று இடத்திலும் தேட வேண்டும். சிதம்பரத்தில் சப்-கோர்ட் எனப்படும் சார்பு நீதிமன்றம் இருக்கிறது. கடலூரில் மாவட்ட நீதிமன்றமும், பின்னாளில் வந்த குடும்ப நல நீதிமன்றமும் உண்டு. 1993-ல் தென்னார்க்காடு இரண்டாகப் பிரிந்தது. அதற்கு முன் விழுப்புரம், திண்டிவனம், கள்ளக்குறிச்சி எல்லாமே கடலூரைத் தலைநகராகக் கொண்ட ஒரே ஜில்லா. அந்தப் பக்கத்துப் பழைய வழக்குக்கும் கடலூரில் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது நம்பர். இந்து திருமண மனுவுக்கு எச்.எம்.ஓ.பி. என்று பெயர். பக்கத்தில் ஒரு நம்பர், ஒரு வருஷம். கிறிஸ்தவ மனுவென்றால் ஐ.டி.ஓ.பி. இந்த நம்பர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. நம்பர் தெரியாதென்றால் பழைய வக்கீலின் குமாஸ்தாவைப் பிடியுங்கள். ஜீவனாம்ச வழக்கு நடந்திருந்தால் அந்தத் தீர்ப்பில் விவாகரத்து வழக்கின் நம்பரும் வந்திருக்கும். அப்பீல் போயிருந்தால் ஹைகோர்ட் காகிதத்தில் இருக்கும். 2007-ல் தொடங்கிய இ-கோர்ட்ஸ் திட்டத்துக்குப் பிறகு கம்ப்யூட்டரில் ஏறிய வழக்குகளைக் கட்சிக்காரர் பெயரும் வருஷமும் கொடுத்து இணையதளத்திலேயே தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண் உண்டு. அதற்கு முந்தையதென்றால் கோர்ட் ரிஜிஸ்டரைப் புரட்டித்தான் ஆக வேண்டும்.

நம்பர் கையில் கிடைத்ததும் நகல் மனு. கோர்ட் கட்டண ஸ்டாம்ப் ஒட்டி, வழக்கு நம்பர், தீர்ப்புத் தேதி, என்ன வேண்டும் என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். தீர்ப்பு வேறு, தீர்ப்பாணை வேறு. ஏன் பிரித்தோம் என்று நீதிபதி விவரமாக எழுதுவது தீர்ப்பு. 'இன்ன தேதியில் நடந்த திருமணம் இன்று முதல் ரத்து' என்று முடிவை மட்டும் சொல்வது தீர்ப்பாணை. டிகிரி என்பார்கள். இரண்டையும் கேளுங்கள். எத்தனை பக்கம், எவ்வளவு கட்ட வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். கெடுவுக்குள் கட்டாவிட்டால் மனு அடிபட்டுப் போகும். அப்புறம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

வக்கீல்களே சொல்ல மறக்கிற ஒன்று. இந்து திருமணச் சட்டத்தின் 23-வது பிரிவில், விவாகரத்து கொடுக்கும் கோர்ட் தீர்ப்பாணையின் நகல் ஒன்றைக் கணவனுக்கும் மனைவிக்கும் இலவசமாகத் தர வேண்டும் என்று இருக்கிறது. இலவசமாக! தீர்ப்பு வந்த கையோடு இதைக் கேட்டு வாங்கியிருந்தால் இருபது வருஷம் கழித்து ரெக்கார்டு ரூம் வாசலில் நிற்க வேண்டியிருக்காது.

'அடுத்தவர் விவாகரத்துக் காகிதத்தை நான் வாங்க முடியுமா?' என்று ஒரு கேள்வி வரும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் உள்ளூர் கோர்ட் ஆபீசுக்குப் போய் யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். நம்மூரில் இது கிட்டத்தட்ட சிதம்பர ரகசியம். 1976-லிருந்து இந்து திருமணச் சட்ட வழக்குகளை மூடிய அறைக்குள்தான் விசாரிக்க வேண்டும். அச்சில் போட்டாலும் குற்றம். அனுமதி பெற்று வெளியிடும் ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகளுக்குத்தான் விலக்கு. வழக்கில் சம்பந்தப்படாதவர் நகல் கேட்டால், எதற்காகக் கேட்கிறோம் என்று பிரமாணப் பத்திரம் போட்டு நீதிபதியின் உத்தரவு வாங்க வேண்டும். ஆர்.டி.ஐ.யில் கேட்டுவிடலாம் என்றால் அதுவும் நடக்காது. கோர்ட் ஆவண நகலைக் கோர்ட் விதிப்படிதான் கேட்க வேண்டும் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் தீர்த்துச் சொல்லிவிட்டது. இந்தத் திரை நல்லதுக்குத்தான். ஒரு பெண்ணின் படுக்கையறைக் கதையை ஊரே நகல் எடுத்துப் படிக்கத் தேவையில்லை.

எல்லாவற்றையும்விட ஆபத்தான ஒரு காகிதம் உண்டு. இருபது ரூபாய் பத்திரத்தில், 'இன்று முதல் உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை' என்று எழுதி, ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்தும் நோட்டரி முத்திரையும் வாங்கிக்கொள்வது. துரும்பின் பேரன் இது. சாதி வழக்கப்படியான விவாகரத்தை 1955 சட்டம் ஒழிக்கவில்லை என்பது உண்மைதான். 29-வது பிரிவில் அதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். ஆனால், அப்படியொரு வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது என்று கோர்ட்டில் சொல்லி, நிரூபிக்கவும் வேண்டும் என்று 2002-ல் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொன்னது. அந்தஸ்துக்காக வழக்கத்தைக் கைவிட்ட சமூகம், இன்றைக்கு எந்த வழக்கத்தை நிரூபிக்கும்? பத்திரத்தை நம்பி மறுமணம் செய்தவர் மேல் இருதார மண வழக்கு பாயலாம். இரண்டாவது மனைவியின் நிலைமை இன்னும் மோசம். அவர் மனைவியே இல்லை என்று ஆகிவிடும்.

இதெல்லாம் எதற்கு என்று தோன்றுகிறதா? மத்திய அரசு உத்தியோகத்தில் இருந்து ரிட்டையர் ஆன ஒரு அப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். தபால் ஆபீஸ் என்றே வைத்துக்கொள்வோம். அவரும் போய், அம்மாவும் போய்விட்டார். விவாகரத்தான மகள் மட்டும் வீட்டில். அவளுக்குக் குடும்ப பென்ஷன் உண்டா? தீர்ப்பு பெற்றோர் காலத்துக்குப் பிறகு வந்திருந்தாலும், மனுவை அவர்களில் ஒருவராவது உயிரோடு இருந்தபோதே போட்டிருந்தால் உண்டு என்று 2017 ஜூலையில் உத்தரவு வந்தது. அதாவது அவளுடைய சாப்பாடு ஒரு தேதியில் இருக்கிறது. மனு தாக்கலான தேதி. அந்தத் தேதியைச் சொல்லக்கூடியது கோர்ட் காகிதம் மட்டும்தான்.

அதிலும் கடலூர்க்காரர்களின் வீட்டுப் பெட்டியை நம்ப முடியாது. 2004-ல் சுனாமி. 2011-ல் தானே புயல். 2015-ல் பெருவெள்ளம். பீரோவில் பத்திரமாக வைத்திருந்தது எத்தனை பேருக்குத் தண்ணீரோடு போயிருக்கும்! ரேஷன் கார்டுக்கும் வாக்காளர் அட்டைக்கும் முகாம் போட்டார்கள். தீர்ப்பாணைக்குக் கோர்ட்டுக்குத்தான் போயாக வேண்டும். கோர்ட்டும் எல்லாக் காகிதத்தையும் காலத்துக்கும் வைத்திருக்காது. சாட்சியம், சில்லறை மனுக்கள் போன்றவற்றை வருஷக் கணக்குப்படி கழித்துக்கட்ட விதிகள் இருக்கின்றன. அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு பெண் இருந்தால், 'நகல் வச்சிருக்கியாம்மா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தீர்ப்பும் இருக்க வேண்டும், தீர்ப்பாணையும் இருக்க வேண்டும். அப்பீல் கெடு முடிந்ததா என்று தேதியைப் பாருங்கள். அதற்கு முன்னால் மறுமணத்துக்கு நாள் குறிக்கக் கூடாது. இல்லையென்று அவள் சொன்னால், அடுத்து நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

'எந்த வருஷம்?'